ஏழாவது குழியின் பெயர்

என் சித்தப்பா திண்டுக்கல்லில் போர்டு எழுதுபவர். பேருந்து நிலையத்திலிருந்து எங்கள் தெரு வரைக்கும் உள்ள கடைகளில் பாதிக்கு மேல் அவர் கைபட்டவைதான். பூட்டுக் கடையோ பிரியாணிக் கடையோ, எழுத்து கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து, இப்போதே கிளம்பிவிடுவேன் என்பதுபோல நிற்கும். அழகாக எழுதுவதில் அவரை மிஞ்ச ஊரில் ஆளில்லை. தப்பாக எழுதுவதிலும் ஆளில்லை. 'ர'வுக்கும் 'ற'வுக்கும் அவர் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஒரு தோல் மண்டிக்கு "வெள்ளிக்கிழமை விடுமுரை" என்று ஆறடி நீளத்துக்கு எழுதிவிட்டு, ஏணியின் மேலேயே நின்றபடி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அம்மா ஒரு வழி சொன்னாள். லீவு நாட்களில் என்னையும் கூட்டிப்போகச் சொன்னாள். அப்போது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். சொல்வதெழுதுதலில் வகுப்பிலேயே முதல் ஆள். புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படி இருந்தால் சரி, இல்லையென்றால் தப்பு. உலகம் எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது. சித்தப்பா எழுதி முடித்ததும் நான் கீழே நின்று எழுத்துக் கூட்டி வாசிப்பேன். தப்பில்லை என்று நான் தலையாட்டிய பிறகுதான் அவர் பிரஷ்ஷைக் கழுவுவார். அந்தப் பெருமையில் நான் தரையில் கால் பாவாமல் திரிந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கோடை அது. குஜிலியம்பாறைப் பக்கமிருந்து ஒரு வேலை வந்தது. வெளியூரில் மில் வைத்திருந்த ஒருவர் அங்கே மானாவாரிக் காட்டை வளைத்து வாங்கி, கோல்ஃப் விளையாட மைதானம் போட்டிருந்தார். கடலையும் சோளமும் வானத்தைப் பார்த்துக் கிடந்த இடத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டுப் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். ரோட்டோரக் குழாயில் குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, வேலிக்கு அந்தப் பக்கம் புல் குளித்துக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் 'குழி கிரவுண்டு' என்றார்கள். மொத்தம் ஒன்பது குழி. கோலிக்குண்டு விளையாட நாங்கள் குதிகாலால் ஒரு குழி போடுவோம். பெரியவர்கள் அதற்கு ஒரு காட்டையே எடுத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒவ்வொரு குழிக்கும் ஒரு பெயர் வைத்து, பக்கத்தில் ஒரு தகரப் போர்டு நடவேண்டும். அந்த இடத்தை ஊர்க்காரர்கள் முன்பு எப்படிச் சொன்னார்களோ அதுதான் பெயர். கீழே ஒரே வரியில் அந்தப் பெயர் வந்த கதை. அங்கிருந்த மானேஜர் டீக்கடையில் உட்கார்ந்து விசாரித்துப் பட்டியல் எழுதியிருந்தார். முதலாளி வீட்டில் அதைப் பார்த்துச் சரி என்றும் சொல்லிவிட்டார்கள்.

நானும் சித்தப்பாவும் மொபெட்டில் போனோம். பெயிண்ட் டப்பாக்கள் முன்னால், நான் பின்னால். பெயிண்ட் வாசனையும் வெயில் வாசனையும் கலந்து வரும் அந்தக் காற்று இன்றைக்கும் எங்காவது மூக்கில் பட்டால் நான் எங்கள் ஊர் மலைக்கோட்டையைத் தேடுவேன்.

முதல் நாள் ஆறு போர்டு முடிந்தது. முதல் குழி 'ஆட்டுப்பட்டி'. உரத்துக்காக ஆடுகளை அடைத்துவைத்த இடமாம். இரண்டாவது 'உப்புக்கேணி'. அந்தக் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுமாம். நான்காவது 'வண்டிமுறிச்சான்'. அந்த ஓடையில் இறங்கிய வண்டி அச்சு முறியாமல் ஏறியதில்லையாம். 'வண்டிமுரிச்சான்' என்று சித்தப்பா ஆரம்பித்ததை நான் பிடித்துவிட்டேன். "கண்ணு கத்தி மாதிரி இருக்குல்ல ஒனக்கு" என்று சிரித்துக்கொண்டே துடைத்தார்.

மறுநாள் ஏழாவது குழி. அது ஒரு மேட்டின் மேல் இருந்தது. அந்தப் பக்கமே தட்டையான பூமி. அதில் இந்த மேடு மட்டும் தனியாகப் புடைத்து நின்றது. மைதானம் போட்டவர்களுக்கு அது மிகவும் பிடித்துப்போய், அதன் உச்சியில் கொடி நட்டிருந்தார்கள். பட்டியலில் அதன் பெயர் 'கிறுக்கச்சி மேடு'. கீழே, 'தண்ணீர் இல்லாத இடத்தில் கிணறு வெட்டிய பைத்தியக்காரி கொட்டிய மண்'. வாசித்ததும் நான் சிரித்தேன்.

சித்தப்பா எழுத உட்கார்ந்தபோது யாராவது அடித்துப் பார்த்துத் தொலைத்த பந்து கிடைக்குமா என்று நான் புல்லில் தேடப் போய்விட்டேன். அப்போது களை பிடுங்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து அவரிடம் வந்ததைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தார். ஏதோ கேட்டார். சித்தப்பா வாசித்துக் காட்டினார். பிறகு அந்த அம்மா வெகுநேரம் பேசினார். மேட்டைக் காட்டினார், குனிந்து மண் வெட்டுவதுபோலக் கையை வீசினார், தலையில் கூடை தூக்குவதுபோலக் காட்டினார். சித்தப்பா பிரஷ்ஷைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பந்து கிடைத்துவிட்டது. அதற்கு மேல் நான் பார்க்கவில்லை.

நான் திரும்பியபோது போர்டு முடிந்திருந்தது. மானேஜரும் வந்து நின்றிருந்தார். மறுநாள் திறப்பு விழா என்பதால் அவசரத்தில் இருந்தார். மேலோட்டமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ரைட், அடுத்தது போங்க" என்று நகர்ந்துவிட்டார். என்னைக் கேட்காமல் ஒரு போர்டு போகிறதே என்று எனக்குப் பதறியது. ஓடிப்போய் உரக்க வாசித்தேன்.

"அழகம்மாள் மேடு. தன்னந்தனியாகக் கிணறு வெட்டிய பெண் கொட்டிய மண்."

"தப்பு சித்தப்பா!" என்று கத்தினேன். "லிஸ்ட்ல கிறுக்கச்சி மேடுன்னுதான இருக்கு?"

மானேஜர் திரும்பி வந்தார். பட்டியலை வாங்கிப் பார்த்தார், போர்டைப் பார்த்தார். சித்தப்பா என்னைப் பார்க்கவில்லை. "பேரு அதான் சார் சரி" என்று மட்டும் சொன்னார்.

"யாரு சொன்னது?"

களை பிடுங்கிய அம்மா இரண்டு எட்டு முன்னால் வந்தார்.

"நாந்தேன் சார் சொன்னேன். அழகம்மா எங்க ஆத்தா. அது கிறுக்கச்சி இல்ல சார். எங்கய்யா செத்தப்பெறகு நாலு புள்ளைகளுக்கும் தண்ணி தூக்க மாட்டாம, இங்கன தனியாளா வெட்டுச்சு. மூணு வருசம். ஊருல ஒரு ஆளும் கடப்பாரையத் தொடல. தண்ணி வரல, அம்புட்டுத்தேன். வந்திருந்தா சாமின்னு கும்புட்டிருப்பாக."

மானேஜர் கெட்டவர் இல்லை. பட்டியலை மடித்துப் பையில் வைத்தார். "எனக்குப் புரியுதும்மா. ஆனா முதலாளி வீட்ல பாத்து முடிச்ச லிஸ்ட். இந்தப் பேருதான் அவங்களுக்கு ரொம்பப் பிடிச்சுது. வர்றவங்களுக்கும் கேக்க ஜாலியா இருக்கும்னாங்க. நான் மாத்த முடியாது" என்றார்.

சித்தப்பா, "அப்ப இந்த ஒரு போர்டை விட்டுருங்க சார், பேரில்லாமலே நிக்கட்டும்" என்றார்.

"நாளைக்குத் திறப்பு. ஒம்பதும் வேணும். உங்களால முடியாதுன்னா வேற ஆளை வச்சு எழுதிக்கிறேன்."

கடைசியில் அந்த அம்மாதான் சொன்னார். "எழுதுங்கண்ணே. ஒங்க பொழப்பு எதுக்குக் கெடணும். ஊரு சொன்னதத்தான பாப்பாவும் சொல்லுது."

சித்தப்பா மண்ணெண்ணெயில் துணியை நனைத்தார். ஈரம் காயாத எழுத்துகள் ஒரே இழுப்பில் போய்விட்டன. மானேஜர் என் தலையைத் தட்டி, "கெட்டிக்காரி" என்றார். ஆபீசிலிருந்து ஒரு பாட்டில் கலர் வந்தது. ஐஸில் கிடந்த கலர். மேட்டு நிழலில் உட்கார்ந்து, தீர்ந்துவிடக் கூடாதே என்று உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தேன். எனக்கு எதிரிலேயே சித்தப்பா புதிதாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் எழுதியதிலேயே அந்தப் போர்டில் மட்டும்தான் எழுத்துகள் சாயாமல், விறைப்பாக நின்றன. ஆனால் ஒரு பிழைகூட இல்லை. நான் தலையாட்டினேன். அவர் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஒன்பது போர்டையும் நட்டு முடித்தார்கள். சித்தப்பா டப்பாக்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி, "பாப்பா, ஒரு தாள்ல ஒரு பேரு எழுதித் தாரியா?" என்றார்.

"என்ன பேரு?"

"அதேன், நீ தப்புன்னியே, அந்தப் பேரு."

பெயிண்ட் டப்பாவைச் சுற்றியிருந்த காலண்டர் தாள் ஒன்று கிடந்தது. அதன் பின்பக்கம் வெள்ளையாக இருந்த இடத்தில், மடியில் வைத்து, பென்சிலால் கொட்டை எழுத்தில் எழுதினேன். 'ழ'வுக்கு வால் நன்றாக வளைய வேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். அவர் தாளை வாங்கித் தலைகீழாகப் பிடித்தார். நான் நேராகத் திருப்பிக் கொடுத்தேன்.

"எங்குட்டு ஆரம்பிக்குது?"

நான் அவர் விரலைப் பிடித்து எழுத்தின் மேல் வைத்து நகர்த்தினேன். அ. ழ. க. ம். மா. ள். விரல் சொரசொரப்பாக இருந்தது. கடைசி எழுத்துக்கு வந்ததும் அவரே திரும்பவும் முதல் எழுத்துக்குப் போனார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பிறகு தாளை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் ரோட்டுப் பக்கம் நடந்தார்.

மொபெட் கிளம்பி ரோட்டில் ஏறியது. எனக்கு மனசு கொள்ளவில்லை. அவர் முதுகில் முகத்தை வைத்து, காற்றுக்கு மேலாகக் கத்தினேன்.

"சித்தப்பா, அந்தம்மாவுக்கு என் கையெழுத்து ரொம்பப் பிடிச்சுப்போச்சு. தாளை ரவிக்கைக்குள்ள வச்சுக்கிட்டாங்க, பாத்தீகளா?"

அவர் வேகத்தைக் குறைத்தார். "ஆமாடா, நல்ல கையெழுத்து" என்றார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவிடம் நான் முதலில் சொன்னதும் அதைத்தான்.