வைஃபை வேலை செய்யாத வீடு

மூன்று கிழமையாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். ஒருவர், ‘அம்மையார் இன்னும் இங்கிலாந்தில்தான் நிற்கிறாரோ?’ என்று கேட்டிருந்தார். போவதற்கு முன் இதே பக்கத்தில் நான் அடித்த தம்பட்டம் அப்படி. பழைய கல்வீடு, சுவரில் ரோஜாக்கொடி, ஜன்னலைத் திறந்தால் ஆட்டுமந்தை... நினைவிருக்கிறதா?

ஒஸ்லோவுக்கு எப்போதோ திரும்பி வந்துவிட்டேன். எழுத மனம் வரவில்லை, அவ்வளவுதான். இன்றைக்கும் வரவில்லை. ஆனால் யார் மீதாவது எரிந்து விழாமல் இருக்க முடியவில்லை — நீங்கள்தான் அகப்பட்டீர்கள்.

விஷயத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். நாங்கள் அந்த வாடகை வீட்டுக்குப் போன மறுநாள், சனிக்கிழமை, திருகோணமலையில் என் தம்பி ரவி மாரடைப்பால் செத்துப்போனான். என் கணவர் குமரனுக்கு அன்றைக்கே தெரியும். மகள் ஆரணிக்கு அடுத்த நாள் தெரியும். இங்கே ஒஸ்லோவில் ட்வெய்ட்டாவிலிருந்து எல்லிங்ஸ்ருட் வரை எங்களை அறிந்த சனம் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. வெள்ளிக்கிழமை வீட்டுக்குத் திரும்பி, பெட்டிகளை உள்ளே வைத்து, தேத்தண்ணி குடித்து முடித்த பிறகுதான் சொன்னார்கள். தேத்தண்ணிக்குச் சீனி அதிகமாகப் போட்டிருந்தபோதே நான் யோசித்திருக்க வேண்டும்.

அந்த வீடு நான் ஆசைப்பட்டபடியேதான் இருந்தது. மழை, புல், ஆடு, திரும்பவும் மழை. மழை பார்க்க ஒஸ்லோவிலிருந்து வர வேண்டுமா என்று ஆரணி முணுமுணுத்தாள். பதினாறு வயது... முணுமுணுக்கிற வயதுதானே? சுவர் தடித்த கல். உள்ளே கைபேசிக்குச் சிக்னல் வராது. வீட்டு ஒழுங்கைப் பாதையில் ஏறி மேலே கேற்றடிக்குப் போனால்தான் கொஞ்சம் வரும். வீட்டில் வைஃபை இருந்தது. முதல் நாள் நன்றாக வேலையும் செய்தது.

சனிக்கிழமை மத்தியானம் வைஃபை பழுதாகிவிட்டது என்றார் குமரன். நல்லதாய்ப் போச்சு என்றேன் நான். ஒரு கிழமையாவது வீட்டில் எல்லாத் தலையும் நிமிர்ந்திருக்கும் என்று சந்தோஷம் வேறு! அவரே பிளக்கைக் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்து நிற்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? ரோமிங் சரியில்லை என்று என் போனையும் வாங்கி எதையோ அமத்தித் தந்தார். அதற்குப் பிறகு அது வெறும் கமராதான்.

அன்று பின்னேரம் கிராமத்துக் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சியில் கறி வைத்தேன். குமரன் தொடவில்லை. வயிறு சரியில்லையாம்... சோறும் பருப்பும் போதுமாம். அடுத்த நாள் ஆரணியும் தயிர்ச்சோறு போதும் என்றாள். வெளியே நிற்கிற ஆடுகளைப் பார்த்து இரண்டு பேருக்கும் பாவமாகப் போய்விட்டதாக்கும் என்று நக்கலடித்தேன். சட்டி நிறையக் கறியை நான் ஒருத்தியே மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

செத்தவீடு என்றால் எங்கள் வீடுகளில் மச்சம் மாமிசம் தொடமாட்டோம். அந்தத் துடக்கை, சாவுத் தீட்டை, அவர்கள் இரண்டு பேரும் ஒழுங்காகக் காத்திருக்கிறார்கள். கூடப்பிறந்தவள் மட்டும் எலும்பு சூப்பிக்கொண்டிருந்தேன். இதைத்தான் என்னால் இன்னும் விழுங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ரவி எனக்குப் போன் எடுக்கிற நாள். வருடக்கணக்காகத் தவறியதில்லை. பாவம், அடித்து அடித்துப் பார்த்திருப்பான், கேற்றடிக்குப் போய் நானே எடுத்துவிட்டு வருகிறேன் என்று சப்பாத்தைப் போட்டேன். ஒழுங்கை சேறு, விழுந்துவிடுவாய், நான் போய் மெசேஜ் போடுகிறேன் என்று குமரன் குடையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்து, போட்டாச்சு என்றார். செத்துப்போனவனுக்கு மெசேஜ்! முகம் முழுக்க ஈரமாக இருந்தது. மழை என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குத்தான் ஆரணி அலுமாரிக்குப் பின்னால் பிளக்கைக் கண்டுபிடித்து அப்பாவைக் கேட்டிருக்கிறாள். அவர் உண்மையைச் சொல்லி, வாய் திறக்கக் கூடாது என்று சத்தியமும் வாங்கியிருக்கிறார். அதற்குப் பிறகு பிள்ளை சொல்லாமலே கோப்பை கழுவியது. நடக்கப் போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டது. இங்கிலாந்துக் காற்று இவளுக்கு ஒத்துக்கொள்கிறது என்று நான் உள்ளம் குளிர்ந்தேன்.

திங்கட்கிழமை தம்பியை எரித்தார்கள். அன்றைக்கு எடுத்த படம் என் போனில் இருக்கிறது. மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு, என் பையை முகர்ந்து பார்க்கிற ஓர் ஆட்டைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறேன். அதை அழிக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

சரி, ஏன் மறைத்தார்கள்? கெட்ட எண்ணமா? இல்லையே, அன்பு! நம்முடைய ஆட்கள் மரணச் செய்தியை முழுதாகக் கொடுக்க மாட்டார்கள். முதலில் கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு கடுமை. ஆள் சாம்பலான பிறகும் கடுமையிலேயே இருப்பார். பயணத்தில் இருக்கிறவர்களுக்கு அதுவும் கிடையாது, வீடு திரும்பட்டும் என்று வைத்திருப்பார்கள். நானே எத்தனை பேருக்கு, ‘இப்ப சொல்லாதேங்கோ’ என்று புத்தி சொல்லியிருக்கிறேன் தெரியுமா?

மட்டக்களப்பில் இருக்கும் என் தங்கை மலர்தான் முதலில் குமரனிடம் சொல்ல வேண்டாம் என்றாளாம். அக்கா ஆசைப்பட்டுப் போன லீவு, குழப்பாதேங்கோ என்றாளாம். குமரனும் தலையாட்டிவிட்டார். அந்த வெள்ளிக்கிழமை நான் கத்தி ஓய்ந்த பிறகு மெதுவாகக் கேட்டார்.

“சொல்லியிருந்தா நீர் என்ன செய்திருப்பீர்? ஆரும் இல்லாத அந்தக் காட்டுக்கை உம்மை வைச்சு நான் எப்பிடிச் சமாளிக்கிறது?”

“போயிருப்பன்,” என்றேன்.

வேறு என்ன? லண்டனிலிருந்து கொழும்புக்கு நேராக விமானம் பறக்கிறது. வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது என்றால் ஊரில் உடலை இன்னும் ஒரு நாள் வைத்திருப்பார்கள். எத்தனை பேருக்கு வைத்திருந்தார்கள்! போய்ச் சேர்ந்து, அவன் முகத்தை ஒரு தரம் பார்த்து, நெற்றியைத் தடவிவிட்டு வந்திருப்பேன். அந்த ஒரு தரம் இனி எங்கே கிடைக்கும்?

ஆரணிதான் அழுதுகொண்டு சொன்னாள்.

“நான் சொல்லத்தான் வேணும் எண்டு அப்பாவோடை சண்டை பிடிச்சனான் அம்மா. இது எங்கடை பழக்கம், உனக்கு விளங்காது எண்டிட்டார்.”

எனக்கும் விளங்கவில்லை மகளே!

செத்தவீட்டை நேரலையில் விட்டிருந்தார்கள். ஒஸ்லோவில் எல்லோரும் பார்த்து முடித்த அந்த வீடியோவை நான் கடைசியாகப் பார்த்தேன். ஒரு மனுசி மலரின் தோளைப் பிடித்துக்கொண்டு நோர்வே அக்கா எங்கே என்று கேட்கிறது. லீவு கிடைக்கவில்லை என்று மலர் சொல்கிறாள். எனக்கு லீவு கிடைக்கவில்லையாம். நான் லீவில் நின்று ஆடு பார்த்துக்கொண்டிருந்தேன்!

நான் வேலை செய்யும் பார்னஹாகேயில், குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில், ஒரு நோர்வேஜியப் பெண் எனக்கு நல்ல சிநேகிதி. கதையைக் கேட்டுவிட்டுத் திகைத்துப்போனாள். உன் தம்பியின் சாவை உன்னிடமிருந்து ஒளிக்க அவர்களுக்கு என்ன உரிமை என்றாள். நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்? ஆனால் அவள் கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் புருஷன் நல்லவர், உங்களுக்கு இதெல்லாம் புரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அதே நல்லவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இனி இந்த வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்று மட்டும் சட்டம் போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மலர் வீடியோ அழைப்பு எடுத்தாள். அவளோடுதான் எங்கள் அம்மா இருக்கிறார். இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருப்பவர். ரவி போன பிறகு அம்மாவோடு நான் பேசவே இல்லை. பேசினால் இருவரும் சேர்ந்து அழுவோம் என்று பயந்திருந்தேன். திரையில் வந்த அம்மாவின் முகத்தில் அழுத அடையாளமே இல்லை. சிரித்தார்.

“தம்பி அங்கை வந்து சேந்திட்டானே பிள்ளை? சொல்லாமல் கொள்ளாமல் வெளிக்கிட்டிட்டான்.”

எனக்கு விளங்கச் சற்று நேரமானது. அம்மாவின் தலைக்குப் பின்னால் நின்று மலர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டாள். சோபாவில் இருந்த குமரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வந்த நாளிலிருந்து உண்மையைப் பற்றி நான் எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன்!

“ஓம் அம்மா,” என்றேன். “வந்திட்டான்.”

அங்கே நல்ல குளிராமே, அவனுக்குப் போட ஏதும் இருக்கிறதா என்று கேட்டார். இவருடைய ஜாக்கெட்டைக் கொடுத்திருக்கிறேன் என்றேன். அளவாக இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் பெரிசு என்றேன். அம்மாவுக்கு அது திருப்தியாக இருந்தது.

“எப்ப திருப்பி அனுப்புவாய்?”

“கொஞ்ச நாள் என்னோடை நிக்கட்டும் அம்மா.”

உயிரோடு இருந்தபோது இரண்டு தடவை கேட்டும் அவனுக்கு இந்த நாட்டு விசா கிடைக்கவில்லை.