அத்தை சிரித்த ஷாட்

கல்லூரியில் எங்களுக்கு எடிட்டிங் பாடம் எடுத்த மேடம் கொடுத்த பயிற்சி, கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. டிவியில் வரும் ஏதாவது ஒரு கேம் ஷோவை எடுத்துக்கொள்ள வேண்டும். படம் மாறும்போதெல்லாம் நிறுத்தி ஒரு கட்டம் போட்டு, அந்த ஷாட்டில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு கிட்டத்தில் தெரிகிறார்கள், என்ன சத்தம் கேட்கிறது என்று வரைந்து காட்ட வேண்டும். ஸ்டோரிபோர்டு என்பது படம் எடுப்பதற்கு முன்னால் வரைவது. நாங்களோ வேறு யாரோ ஏற்கெனவே எடுத்து முடித்ததைப் பிரித்து வரைய வேண்டியிருந்தது. குச்சி மனிதர்களே போதும் என்று அவர் சொன்னதில் எனக்குத் தைரியம் வந்தது.

மற்றவர்கள் பெரிய பரிசு கொடுக்கும் வினாடி வினாக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் அம்மா கலந்துகொண்ட நிகழ்ச்சியை எடுத்தேன். அந்தச் சேனல் தன் பழைய நிகழ்ச்சிகளையெல்லாம் இணையத்தில் போட்டிருந்தது.

அது பகலில் வந்த கன்னட நிகழ்ச்சி, வீட்டுப் பெண்களுக்கான போட்டி. அம்மா அதில் கலந்துகொண்டபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். அம்மா நாங்கள் இருக்கும் ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். கன்னடம் அவளுக்குத் தமிழ் மாதிரியேதான் வரும். கூட ஒருவரைப் பார்வையாளராக அழைத்து வரலாம் என்றார்கள். வைட்ஃபீல்டில் ஆபீஸ் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் அப்பாவின் தங்கை, அத்திபெலேயில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த என் அத்தை, கூடப் போனாள். அப்போது இருவரும் அப்படி ஒட்டி இருந்தார்கள். அம்மா என்ன புடவை கட்டுவது என்பதைக்கூட அத்தைதான் முடிவு செய்தாள்.

கடைசிச் சுற்றில் கண்ணைக் கட்டிவிட்டு, தட்டில் இருப்பதைத் தொட்டுப் பெயர் சொல்லச் சொன்னார்கள். அம்மா வரிசையாகச் சரியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். வெந்தயம் வந்ததும் வாயடைத்துவிட்டது. விரலில் வைத்து உருட்டினாள், முகர்ந்தாள், பெயர் மட்டும் வரவில்லை. "அது... கஹி இருத்தல்லா, அது" என்றாள். கசப்பா இருக்குமே, அது. மணி அடித்துவிட்டது. பரிசாக வைத்திருந்த வாஷிங் மெஷின் இன்னொரு பெண்ணுக்குப் போனது.

அதை அம்மா ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அவளே நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தாள். ஒளிபரப்பான அன்றுதான் எல்லாம் கெட்டது. தெருக்காரர்கள் பாதிப் பேர் எங்கள் வீட்டில். அத்தையும் போண்டா செய்து எடுத்துக்கொண்டு பஸ்ஸேறி வந்திருந்தாள். திரையில் அம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு திணறுகிறாள், விரல்கள் வெந்தயத்தைத் துழாவுகின்றன. அடுத்த ஷாட்டில் அத்தை, தலையைப் பின்னால் சாய்த்து, கை தட்டி, வாய் நிறையச் சிரிக்கிறாள். திரும்ப அம்மா. திரும்ப அத்தை.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, நான் சிரிக்கல அண்ணி."

"அதான் எல்லாரும் பாத்தோமே" என்றாள் அம்மா, அவள் பக்கம் திரும்பாமல்.

சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. அதுதான் கஷ்டமாகப் போய்விட்டது. கல்யாணம், காதுகுத்து என்றால் இருவரும் வருவார்கள், சாப்பிட்டீங்களா என்று கேட்டுக்கொள்வார்கள், அதோடு சரி. ஒரு தீபாவளிக்கு அத்தை வந்து, தெரியாமல் சிரித்திருந்தால் மன்னித்துவிடுங்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், அவ்வளவுதான். அப்பா தங்கையைப் பார்க்கப் போவதென்றால் வண்டிக்கு டயர் பார்க்க ஓசூர் போகிறேன் என்பார். வருஷத்துக்கு எத்தனை டயர் மாற்றுவீர்கள் என்று அம்மாவும் கேட்டதில்லை.

இந்த நிகழ்ச்சியைத்தான் வரையப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். தையல் மெஷினை நிறுத்தாமல், "காதுல மாட்டிக்கினு பாரு. எனக்குக் கேக்கக் கூடாது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டிலில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். முதலில் சலிப்பாகத்தான் இருந்தது. போகப்போகப் பழகிவிட்டது. பார்வையாளர் வரும் ஷாட்களில் அத்தைக்கு அடையாளமாக ஒரு பெரிய கொண்டை போட்டேன். பக்கத்தில் பச்சைப் புடவைக்காரி ஒருத்தி, அவளுக்குப் பச்சைப் பென்சில். முதல் விளம்பர இடைவேளைக்குப் பிறகு இடம் மாற்றி உட்கார வைத்திருந்தார்கள். பளிச்சென்று உடுத்தியவர்களை முன்வரிசைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பச்சைப் புடவை முன்னால் போய்விட்டது. அத்தைக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு வயதான அம்மாள் வந்திருந்தார். பிறகு வந்த கட்டங்களில் எல்லாம் கொண்டைக்குப் பக்கத்தில் கண்ணாடி வரைந்துகொண்டே போனேன்.

வெந்தயத்துக்கு வந்தேன். அத்தை சிரிக்கும் ஷாட்டை வரைந்துவிட்டுப் பார்த்தால், கொண்டைக்குப் பக்கத்தில் பச்சை அடித்திருந்தேன்.

நான்தான் கவனமில்லாமல் தப்பாக வரைந்துவிட்டேன் என்று நினைத்தேன். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். பச்சைப் புடவையேதான். அந்தச் சுற்று முழுக்க முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண், அந்த ஒரு ஷாட்டில் மட்டும் பின்னால் அத்தைக்குப் பக்கத்தில் இருந்தாள். இரண்டாவது தடவை அத்தை சிரிப்பதும் அதே துண்டுதான், திரும்பப் போட்டிருந்தார்கள். அம்மாவின் விரல் ஷாட்டும் அப்படியே. அவள் திணறியது உண்மையில் அவ்வளவு நேரம் இல்லை, இழுத்திருந்தார்கள்.

மணி அடிக்கும் இடத்தில் தூரத்திலிருந்து எடுத்த ஒரு ஷாட் இருந்தது. கண்ணைக் கட்டிய அம்மா முன்னால், பார்வையாளர்கள் பின்னால், எல்லாரும் ஒரே படத்தில். அதில் அத்தையைத் தேடினேன். கண்ணாடி அம்மாளுக்குப் பக்கத்தில் அவள் இருக்கையைவிட்டுப் பாதி எழுந்து நின்றிருந்தாள். கை அம்மா பக்கம் நீண்டிருந்தது. சிரிக்கவில்லை.

எனக்கு உடனே ஓடிப்போய்ச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் தப்பாகச் சொல்லி இன்னும் கெடுத்துவிடக் கூடாதே என்று பயம். மறுநாள் மேடத்திடம் தாள்களைக் காட்டினேன். அவர் ஆச்சரியமே படவில்லை. பார்வையாளர்கள் சிரிப்பதையும் கை தட்டுவதையும் முன்கூட்டியே தனியாக எடுத்துவைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்வது வழக்கம்தான் என்றார். சிரிக்க வைப்பதற்கென்றே ஒரு ஆள் இருப்பாராம்.

அன்று சாயந்திரம் கட்டங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டேன். வேலை இருக்கிறது என்றாள். பிறகு வந்து உட்கார்ந்தாள். பச்சையையும் கண்ணாடியையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். தூரத்து ஷாட்டை நான் குச்சி மனிதர்களாக வரைந்திருந்தது அவளுக்குப் போதவில்லை.

"நிஜத்துல காட்டு" என்றாள்.

போனில் அந்த இடத்தில் நிறுத்திக் கொடுத்தேன். இரண்டு விரலால் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தாள். கடைசியில், "வெந்தயம்னு எனக்குச் சொல்லப் பாத்திருக்கா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போனில் பேசிவிடலாமே என்று அப்பா சொன்னார். அம்மா கேட்கவில்லை, நேரில்தான் போக வேண்டும் என்றாள். அந்த வாரமே நானும் அவளும் மெட்ரோவில் மாறி மாறி பொம்மசந்திரா போய், அங்கிருந்து பஸ்ஸில் அத்திபெலே போனோம். அத்தை கடையில் வளையல் அடுக்கிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்துபோனாள். அவளை உட்கார வைத்து, நான் அம்மாவிடம் காட்டியதையே அம்மா அவளிடம் காட்டினாள். பச்சைப் புடவை, கண்ணாடி, இடம் மாற்றினது எல்லாவற்றையும் அவளே விளக்கினாள். நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

அத்தை கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையில் இருந்த வளையல்களைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் சிரிக்கலயா அண்ணி?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ சிரிக்கல."

"நானும் டிவில பாத்தேனே. சிரிச்சிருக்கேனே, எப்படி ஞாபகமில்லாம போச்சுன்னு யோசிச்சு யோசிச்சுப் பாப்பேன். எனக்கே என் மேல நம்பிக்கை போயிடுச்சு அண்ணி."

அம்மாவுக்கு இது தெரியாது. எங்கள் யாருக்குமே தெரியாது. அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கேட்டிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அத்தை அழுதாள், மூக்கைச் சிந்தினாள், நடுவில் ரப்பர் பேண்ட் கேட்டு வந்த பெண்ணுக்கு எடுத்தும் கொடுத்தாள். பிறகு யோசித்து யோசித்து ஞாபகப்படுத்திக்கொண்டாள். ஷூட்டிங் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஆள் மைக்கோடு வந்து, பஸ்ஸில் ஏற முடியாத குண்டு மனிதர் மாதிரி நடித்துக் காட்டினாராம். அம்மா அப்போது மேக்கப் அறையில் இருந்திருக்கிறாள். அத்தை எழுந்து அந்த ஆள் செய்ததைக் கடைக்குள்ளேயே செய்து காட்டினாள். அம்மா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

மதியம் அங்கேயே சாப்பிட்டோம். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்த அம்மா, சந்தாபுரா வருவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அப்பாவிடமிருந்து போன் வந்தது. என்ன ஆச்சு என்று கேட்கக்கூட அவருக்குத் தயக்கம். எல்லாம் சரியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அத்தை குடும்பத்தோடு நம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள், மட்டன் எடுக்க வேண்டுமாம் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டது போனில் தெளிவாகக் கேட்டது.