0.95

ஒரு மனிதரைச் செவிடாக்கியவன் நான். கை தவறி அல்ல... திமிரால்!

'ஐயோ பாவம்' என்று உச்சுக்கொட்டாதீர்கள். என்மேல் இரக்கப்படுகிறவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம்.

எழுபதுகளின் கடைசி. காரைக்காலில் மருந்துக்கடை வைத்திருந்தேன். ஊசியும் நானே போடுவேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் சவரிமுத்து, பிரான்சில் மகன் வீட்டிலிருந்து திரும்பியதும் காசநோய் கண்டு, ஊசிச் சீட்டோடு வந்தார். அடியில் டாக்டர் எழுதியிருந்தார்: 'யூரியா பார்க்கவும். கூடியிருந்தால் தினமும் போடக்கூடாது. என்னிடம் அனுப்பவும்.'

"அங்கயே ரத்தம் பாத்துட்டாங்க தம்பி. பாத்துச் சொல்லுங்க. கேசட்டுல பேத்தி பேசி அனுப்புறா, அதக் கேக்கவாவது நான் பொழைக்கணும்" என்று ரிப்போர்ட்டை நீட்டினார்.

யூரியா 0.95. நம் ஊரில் நாற்பது வரை சரி. இது ஒன்றுகூட இல்லை! பக்கத்தில் பிரெஞ்சில் ஏதோ இருந்தது. காரைக்காலில் பிறந்தவன் நான், எனக்கா பிரெஞ்சுத் தாளைக் காட்டிப் பவிசு பண்ணுகிறார்? படிக்கத் தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வருமா?

"ஒண்ணுமே இல்லீங்க. பச்சப்புள்ள கிட்னி!" என்று சிரித்தேன். நாள் தவறாமல் ஊசி போட்டேன்.

ஐந்தாம் வாரம் காதில் இரைச்சல் என்றார். "வயசாச்சுல்லங்க" என்றேன். அன்றும் போட்டேன்... அன்றும்!

சில நாளில் அவருக்குக் கேட்பது அடியோடு நின்றது. பிறகுதான் சீட்டோடு குத்தி வைத்திருந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, பிரெஞ்சு தெரிந்த வாத்தியார் ஒருவரிடம் போனேன். லிட்டருக்கு இத்தனை கிராம் என்பது அவர்கள் கணக்காம். நூறு மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்ற நம் கணக்கில் தொண்ணூற்றைந்து! பழுதான கிட்னி கழிக்காத ஊசி மருந்து உடம்பில் தேங்கி, காது நரம்பைத் தின்றிருக்கிறது.

டாக்டரிடம் சொன்னேனா? மண்ணாங்கட்டி! தாளைக் கிழித்துப் போட்டேன். கிழவருக்குக் காது போய்விட்டது என்று ஊர் சொன்னது. நானும் கூடவே சொன்னேன். பேத்தி பேசுவதை அவர் மனைவி கேட்டு, எழுதிக் காட்டினாள்.

ஒரே ஒரு முறை உண்மையைச் சொன்னேன். கடையில் வேறு யாருமில்லை. மாத்திரை வாங்க வந்த அவர் முகத்துக்கு நேரே, "நாந்தாங்க ஒங்க காதக் கெடுத்தேன்" என்றேன். என் வீரத்தைப் பாருங்கள்! காது கேட்காதவரிடம் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வீரம்... தூ!

அவர் மாத்திரையைத் தூக்கிக் காட்டி, "சாப்பாட்டுக்கு அப்புறந்தானே தம்பி?" என்றார்.

நான் ஆமென்று தலையாட்டினேன்.