பிள்ளை கடித்த சீட்டு

அறுபதுகளில் எனக்குக் கல்யாணமான புதிது. புதுக்கோட்டையில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். நானும் என் வீட்டுக்காரரும் கீரமங்கலத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். உள்ளே ராட்டினங்களுக்குத் தனிச் சீட்டு. அதில் மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றில் ஏறும்போதும் ஒரு கட்டத்தைக் கிழிப்பார்கள்.

அந்தச் சீட்டு வாங்க நின்றபோது, கைப்பிள்ளையோடு ஒருத்தி வந்தாள். பின்னால் அவள் புருஷன் பையோடு நின்றார்.

"அக்கா, பிள்ளைக்கு ஒடம்பு கொதிக்குது. பொன்னமராவதி பஸ்ஸுக்குப் போகணும். குடைராட்டினத்துல மட்டுந்தான் ஏறுனோம். இந்த ரெண்டு சீட்டையும் பாதிக் காசு குடுத்து எடுத்துக்கங்க."

சீட்டை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று பலகையில் எழுதியிருந்தது. என் வீட்டுக்காரர் தயங்கினார். பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் காசை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

பெரிய ராட்டினத்துக்கு வந்து சீட்டுகளை நீட்டினோம். அங்கே நின்ற ஆள் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரம் நைந்து ஈரமாக இருந்தது.

"இது பிள்ளை கடிச்ச சீட்டாச்சே? இத வச்சிருந்தவங்க எங்க?"

போலீசுக்குப் போவார்கள் என்றே நினைத்தேன். என் வீட்டுக்காரர் நடந்ததை அப்படியே சொன்னார். அந்த ஆள் மடியிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கொலுசை எடுத்தார்.

"ராட்டினத் தொட்டியில ஒக்காந்தாங்க, பிள்ளை வீறிட்டு அழுகவும் சுத்துறதுக்கு முன்னாடியே எறங்கிட்டாங்க. நானும் கட்டத்தக் கிழிக்கல. பிள்ளை கொலுசு அப்ப கழண்டிருக்கு. எந்தூருன்னு தெரியாம முழிச்சுக்கிட்டிருக்கேன்."

"பொன்னமராவதி பஸ்ஸு" என்றேன்.

ராட்டினத்தை இன்னொருவரிடம் விட்டுவிட்டு அவரும் எங்களோடு ஓடிவந்தார். பஸ் ஸ்டாண்டில் பொன்னமராவதி பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பிள்ளையைச் சுற்றியிருந்த துணியை உதறி உதறித் தேடிக்கொண்டிருந்தாள். கொலுசை நீட்டியதும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"பிள்ளைக்கு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"வேர்த்திருச்சுக்கா. சூடு எறங்கிருச்சு. இப்பத்தான் தூங்குறான்."

எட்டி நெற்றியைத் தொட்டேன். குளுகுளுவென்றிருந்தது. அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

பஸ் கிளம்பியதும் என் வீட்டுக்காரர் ராட்டினக்காரரிடம் மெல்லக் கேட்டார்: "எங்க சீட்டப் பத்தி ஒண்ணுமே சொல்லலையேங்க?"

"நீங்க அத வாங்கலேன்னா நான் இந்தக் கொலுச வச்சுக்கிட்டு எங்கிட்டுப் போய்த் தேடுவேன்? வாங்க, ஏறலாம்."

திரும்பி நடக்கையில் மூன்று பேரும் சிரித்துக்கொண்டே போனோம்.