தெற்குச் சுவர்

என் கையெழுத்துக் கோணல்தான், எழுத்துப் பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓலைத்தொடுவாய்க் கிராமத்தில் நாங்கள் வீடு கட்டியபோது மேசனாக நின்றவன் என் மனைவியின் தம்பி. "அத்தான், கடல்காத்து வாற தெற்குச் சுவரில துவாரம் விடுவம். தகரத்துக்குக் கீழ ஓலைத் தட்டி அடிப்பம். வீடு குளிரும், கரண்டும் மிச்சம்" என்றான்.

"அகதி முகாமில ஓலைக்குக் கீழ கிடந்தது போதாதே? துவாரத்தால மண்தான் வரும்" என்று மறுத்துவிட்டேன்.

பிறகு மனைவி நெஞ்சு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தாள். பகலில் தகரம் அனலாய்க் கொதிக்கும். "இஞ்சாருங்கோ, மூச்சு முட்டுது. அந்தச் சுவரில ஒரு ஓட்டை போட்டு விடுங்கோவன்" என்று கேட்டாள். அன்று மறுத்த நான் தம்பியிடம் போய்க் கேட்க வெட்கப்பட்டு, இன்னொரு மின்விசிறி வாங்கி வைத்தேன். அது சூட்டைத்தான் சுழற்றியது. வைகாசியில் அவள் போய்விட்டாள்.

செத்தவீட்டில் சனம் வெக்கை தாங்காமல் எழும்பியது. தம்பி சுத்தியலோடு வெளியே போய்த் தெற்குச் சுவரை உடைத்தான். காற்று உள்ளே வந்தது.

"அப்பாடா, இப்பதான் மூச்சு வருது" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

பெட்டிக்குள் என் மனைவியின் நெற்றி முடி அசைந்தது.

இப்போது ஓலைத் தட்டியும் அடித்தாயிற்று. மத்தியானத்திலும் மின்விசிறி தேவையில்லை. அவள் படுத்திருந்த இடத்தில்தான் காற்று அதிகம். அங்கே படுக்க எனக்கு மனம் வருவதில்லை.

அவளுடைய முப்பத்தோராம் நாளன்று எழுதியது.