சோணையம்மாளிடம் யாரும் சொல்லவில்லை

சோணையம்மாள் இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்துக்கொண்டிருந்தாள். உப்பு வெடிக்கிற சத்தம் அடங்கியதும் பழைய வேட்டித் துணியில் கொட்டி, முனைகளைச் சேர்த்து இறுக்கி முடிந்தாள். புறங்கையில் வைத்துச் சூடு பார்த்தாள். கட்டிலில் குப்புறப் படுத்திருந்த புருஷன் ஜெயபாண்டியின் தோள்பட்டையில், பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தின் மேலேயே வைத்து அழுத்தினாள்.

ஒத்தடம் அவளுக்குக் கைவந்த வேலை. செக்கானூரணிப் பக்கம் பிறந்த வீட்டில் மடி வீங்கிய மாட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். வில்லாபுரத்துக்கு வாழ வந்தபின் மாமியாருக்குக் கொடுத்திருக்கிறாள். மாமியார் வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்தாள். பீ மூத்திரம் அள்ளியதும் முதுகுப் புண்ணைக் கழுவியதும் சோணையம்மாள். சாகும்போது கிழவி மகன் பெயரைச் சொல்லித்தான் கண்ணை மூடினாள். அன்றிலிருந்து சோணையம்மாளுக்கு ஒரே பயம், இன்னொருவர் படுக்கையில் விழுந்துவிடக் கூடாது.

ஜெயபாண்டி கீழமாசி வீதி மண்டிகளில் மூட்டை தூக்கியவர். வேலை நேரத்தில் மிளகாய்த் தூசி, மற்ற நேரத்தில் பீடி. இப்போது கக்கூஸுக்குப் போய் வருவதற்குள் மூச்சு வாங்கியது. பீடியை விட்டால் நடமாடலாம், விடாவிட்டால் மூக்கில் குழாயோடு கட்டிலில்தான் என்று டாக்டர் சொன்னார். பீடி ஆசையை அடக்க, தோலில் ஒட்டும் நிக்கோடின் பேட்ச் எழுதிக் கொடுத்தார்.

அதை எப்படி ஒட்டுவது என்று நர்ஸ் ரோகிணி வராண்டாவில் நிறுத்தி விளக்கினாள். விளக்கியது மகன் செல்வக்குமாரிடம். ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பதே கூட வந்த ஆம்பளை யாரென்றுதான். சோணையம்மாள் பையோடு தள்ளி உட்கார்ந்திருந்தாள். வீட்டில் ஒட்டப் போவது யார் என்று யாரும் கேட்கவில்லை. பசுமலையில் பைக் ஷோரூமில் வேலை பார்க்கிற செல்வக்குமார், ஒரு காதில் போனும் மறு காதில் நர்ஸுமாக நின்று தலையாட்டினான். பஸ் ஸ்டாப்பில் அம்மாவிடம் ஒரே வரியில் முடித்தான்.

“தெனம் காலைல ஒண்ணு ஒட்டிவிடும்மா. பிளாஸ்திரி மாதிரிதான்.”

பிளாஸ்திரி அவளுக்குத் தெரிந்த சாமான். வலிக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும், தானாக உரிந்து விழும்வரை விட வேண்டும், மேலே சூடு வைத்தால் நன்றாக இறங்கும். ஜெயபாண்டிக்கு இருமி இருமித் தோளும் முதுகும் வலித்ததால் அங்கேயே ஒட்டினாள். பழையதை எடுக்காமல் பக்கத்தில் புதியதை ஒட்டினாள்.

அந்த நாட்களில் அவர் பீடி பற்றவைக்கவில்லை என்பதும் உண்மை. கூட மூட்டை தூக்கிய காளை வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“என்ன மாப்ள, தங்கச்சி பஞ்சர் ஒட்டி விட்டிருச்சா?”

இன்று உப்புப் பொட்டலம் ஆறுவதற்குள் ஜெயபாண்டி எழுந்து உட்கார்ந்து வாந்தி எடுத்தார். உடம்பெல்லாம் வேர்த்தது, நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். ரோகிணி சட்டையைத் தூக்கிப் பார்த்தாள், தோளிலும் முதுகிலும் வரிசையாகப் பேட்ச்கள். எல்லாவற்றையும் உரித்து, சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரால் கழுவினாள். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். படபடப்பு அடங்கும்வரை படுக்க வைத்தார்கள்.

செல்வக்குமார் வந்ததும் வார்டே கேட்கும்படி பேசினான்.

“ஏம்மா, அப்பாவக் கொல்லப் பாத்தியா? படிச்சுப் படிச்சு சொன்னேன்ல.”

ரோகிணி திரும்பினாள். “என்ன சார் சொன்னீங்க? பழச எடுத்துட்டுத்தான் புதுசு, சூடு படக் கூடாது, இது வலிக்கான மருந்தில்ல. எல்லாம் உங்ககிட்ட சொன்னேனே. அம்மாகிட்ட சொன்னீங்களா?”

அவன் போனைப் பார்த்தான்.

“நீயும் எங்கிட்டச் சொல்லலயே தாயி” என்றாள் சோணையம்மாள்.

ரோகிணிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்து, முதலிலிருந்து சொன்னாள். பீடி கொடுக்கிற அதே சரக்கைத்தான் இது புகையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தோல் வழியே கொடுக்கிறது, சூடு பட்டால் மொத்தமாக இறங்கிவிடும். முடியில்லாத, காய்ந்த, புண்ணில்லாத இடத்தில் ஒட்ட வேண்டும், தினமும் இடம் மாற்ற வேண்டும். எடுத்ததைப் பசை உள்ளே போகும்படி மடித்து, குழந்தையோ நாயோ எடுக்க முடியாதபடி போட வேண்டும். ஒட்டியிருக்கும்போது பீடி குடிக்கக் கூடாது. குளிக்கலாமா என்று சோணையம்மாள் கேட்டாள். குளிக்கலாம், கொதிக்கிற வெந்நீர் வேண்டாம் என்றாள் ரோகிணி. நாளைக் காலையில் ஒன்றே ஒன்று ஒட்டிப் பார்க்கச் சொல்லி, டாக்டர் அவர்களை வீட்டுக்கு அனுப்பினார்.

சாயங்காலம் காளை வந்தார். மடியிலிருந்து பீடிக்கட்டை எடுத்தார்.

“எதுக்கு மாப்ள இம்புட்டுப் பாடு. ஒண்ண இழு.”

ஜெயபாண்டியின் கை நீண்டது. சோணையம்மாள் குறுக்கே வந்தாள்.

“தாராளமாக் குடுங்கண்ணே. ஆனா இவரு படுக்கையில விழுந்தா அள்ளிக் கொட்ட நீங்கதான் வரணும். நான் ஒருத்திக்கு அள்ளிட்டேன். இன்னொருத்தருக்கு அள்ள மாட்டேன்.”

காளை பீடிக்கட்டைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு, காப்பி குடிக்காமலே போய்விட்டார். ஜெயபாண்டி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“ஒன்னால செத்திருப்பேன்டி.”

“செத்திருந்தா பீடி கேக்க மாட்டீக.”

மறுநாள் காலை, வேலைக்குப் போகிற வழியில் மகனை வரச் சொல்லியிருந்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான். பேட்ச் பெட்டியை அவன் கையில் கொடுத்தாள்.

“ஒட்டு.”

“நீயே ஒட்டும்மா, எனக்கு நேரமாச்சு.”

“சிஸ்டர் ஒங்கிட்டத்தான சொன்னாக. ஒட்டு.”

அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குரலை இறக்கி, எங்கே ஒட்டுவது என்று கேட்டான். கழுவித் துடைத்து வைத்திருந்த ஜெயபாண்டியின் இடது மேற்கையைக் காட்டினாள். ஒட்டிவிட்டு உடனே கையை எடுக்கப் போனவனை, உள்ளங்கையால் அழுத்திப் பிடிக்கச் சொன்னாள். ஜெயபாண்டி இருவரையும் பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னாள். கழுவினான், போனான்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் ஜெயபாண்டி எழுந்து, பீடி வாங்க டீக்கடைக்குப் போகச் சட்டையைத் தேடினார். இருந்த சட்டைகளையெல்லாம் அவள் வாளியில் முக்கி ஊறவைத்திருந்தாள்.