விட்டத்தின் துண்டோடு மல்லேஸ்வரம் வரை

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் காலை வண்டி ஏறும்போதே எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஜன்னலோரம் மலர், இந்தப் பக்கம் நான், நடுவில் பழைய வேட்டியில் சுற்றிய ஒரு முழத் தேக்குத் துண்டு. மலர் என் மனைவி. அவள் என்னை நம்பவில்லை, நான் அவளை நம்பவில்லை. அதனால் துண்டு நடுவில் இருந்தது.

பெங்களூர் எங்களுக்குப் புதிதல்ல. தங்கச் சுரங்கம் மூடிய நாளிலிருந்து கோலார் தங்கவயலில் பாதிப் பேருக்குப் பிழைப்பு அங்கேதான். எண்பது கிலோமீட்டர் சொச்சம். தினமும் போய் வருகிறவர்கள் பங்காரப்பேட்டை தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு மரக்கட்டைக்கு வயது பார்க்க யாரும் அங்கே போனதாக நான் கேள்விப்பட்டதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சுரங்கத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை நாங்கள் லைன் என்போம். எங்கள் லைனில் சின்னதாக ஒரு புத்தர் மன்றம் இருக்கிறது. அதன் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போடுகிறார்கள். திறப்பு விழாக் கல்லில், மன்றத்தை முதலில் கட்டியவர் பெயரை வெட்ட வேண்டும். நடு விட்டத்தை ஏற்றியவர் என் கொள்ளுத்தாத்தா என்கிறது எங்கள் வீடு. இல்லவே இல்லை, ஒரு தலைமுறை கழித்து எங்கள் தாத்தாதான் ஏற்றினார் என்கிறது மலரின் தாய்வீடு. அந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. மலர் அங்கே போனால் எங்கள் வீட்டில் முகத்தைத் தூக்குகிறார்கள். போகாவிட்டால் அங்கே தூக்குகிறார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அவள் அந்த மத்தளம்.

மரத்தில் இருக்கும் வளையங்களை வைத்து வருஷம் சொல்லிவிடலாம் என்று கரூரில் இருக்கும் என் பழைய கூட்டாளி ஒருவர் சொன்னார். அவருடைய மகள் நிவேதா மல்லேஸ்வரம் பக்கம் ஓர் ஆய்வகத்தில் அந்த வேலைதான் செய்கிறாளாம். விட்டத்தின் ஒரு முனை உளுத்துப் போயிருந்ததால் அதை ஒட்டி ஒரு முழம் அறுத்தோம். வழியில் யாரும் எதுவும் செய்துவிடக் கூடாது என்று வீட்டுக்கு ஒருவராகப் புறப்பட்டோம்.

பத்து மணிவாக்கில் பெங்களூர் சிட்டி. ஆட்டோக்காரர் முதலில் “எல்லிகே?” என்று, எங்கே போகணும் என்பதைக் கன்னடத்தில் கேட்டார். நாங்கள் எங்களுக்குள் பேசியதைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். ஸ்ரீராம்புரத்துக்காரராம். நூற்றைம்பது கேட்டு, நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார்.

“என்னா சார் அது, துணியில?” என்றார் ஒக்கலிபுரம் சுரங்கப்பாதையில் நின்றுபோன நெரிசலில்.

“கட்டை. டெஸ்ட் பண்ணப் போறோம்.”

“கட்டைக்கு டெஸ்டா! பிபி, சுகர் எல்லாம் பாப்பாங்களா?”

மலர் சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது. ஆட்டோக்காரருக்குப் பத்து ரூபாய் கூடுதலாகவே கொடுக்கலாம் போலிருந்தது. ஆனால் கொடுக்கவில்லை.

நிவேதா மெல்லிய பெண். பேச்சில் கரூர் வாசம் போகவில்லை. வேட்டியைப் பிரித்தாள். துண்டின் நெற்றியில் மஞ்சளும் குங்குமமும் இருந்தன. உடம்பு முழுக்க வார்னிஷ் பளபளத்தது.

“வார்னிஷ் அடிச்சீங்களா சார்?”

“ஆபீஸ்ல குடுக்கற சாமானை அழுக்கா எப்படிம்மா எடுத்தாரது?”

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அறுத்த முகத்தை உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து லென்ஸுக்கு அடியில் வைத்தாள். பக்கத்துத் திரையில் மரம் பெரிதாகத் தெரிந்தது. கோடு கோடாகச் சின்னத் துளைகள். வெயில் காலத்தில் தேக்கு இலையை உதிர்த்துவிட்டு வளராமல் நிற்கும். மழை வந்ததும் இந்தப் பெரிய துளைகளோடு புதுக் கட்டை போடும். ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஒரு வருஷம் என்றாள். நல்ல மழை என்றால் வளையம் அகலம், வறட்சி என்றால் ஒடுக்கம்.

“அப்ப எண்ணிட வேண்டியதுதானே?” என்றேன்.

“எண்ணினா இந்தத் துண்டுல எத்தனை வருஷ வளர்ச்சி இருக்குன்னு தெரியும் சார். எந்த வருஷம்னு தெரியாது. ஏற்கெனவே வருஷம் தெரிஞ்ச மரங்களோட இந்த அகலமும் ஒடுக்கமும் பொருந்தணும். உங்க மரம் எதோடயும் சரியா ஒட்டல. எந்தக் காட்டு மரம்னே தெரியல.”

எனக்குத் தலை சுற்றத் தொடங்கியது. அவள் நிறுத்தவில்லை. துண்டின் பக்கவாட்டில், வேறு கட்டையைச் செருக வெட்டிய பழைய காடி ஒன்றைக் காட்டினாள். அது எங்கள் கூரைக்குத் தேவையே இல்லாத காடி. முன்னால் ஏதாவது ஷெட்டில் இருந்துவிட்டு மன்றத்துக்கு வந்த மரமாகவும் இருக்கலாமாம். மரம் வளர்ந்த காலம் ஒன்று, வெட்டிய வருஷம் ஒன்று, எங்கள் சுவரில் ஏற்றிய வருஷம் இன்னொன்று. நான் போனது ஒரே ஒரு வருஷத்தைக் கேட்டு.

“வெட்டின வருஷமாவது கிடைக்கணும்னா பட்டைக்கு உள்ளே இருக்கற கடைசி வளையம் வேணும். ஓரத்துல வெளுப்பா ஒரு அடுக்கு இருந்திருக்குமே?”

நானும் மலரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருந்தது. வைரம் பாய்ந்த பழுப்புக் கட்டையைச் சுற்றி, பூச்சி அரித்த வெள்ளை ஓரம். அது ஒட்டியிருந்தால் மானக்கேடு என்று விட்டம் முழுவதையும் சீவிவிட்டார்கள். ஒரு பக்கம் என் தம்பி, மறுபக்கம் மலரின் தம்பி சேகர். ஒருவரோடு ஒருவர் பேசாமல், யார் பக்கம் வழவழப்பு என்று போட்டி போட்டுச் சீவினார்கள்.

“அந்தச் சீவல் இருக்கா? பெரிய துண்டா ஏதாவது?” என்றாள் நிவேதா, அதிக நம்பிக்கை இல்லாமல்.

மலர் சேகருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“சீவலா? வெந்நி அடுப்புல எரிச்சாச்சேக்கா. பின்னாடி சண்டை வரக்கூடாதுன்னு உங்க வீட்டுக்குப் பாதி, நம்ம வீட்டுக்குப் பாதின்னு சரியாத்தானே பிரிச்சோம்?”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாங்கள் தேடி வந்த பதிலில் பாதியைக் கொளுத்தி நானே குளித்திருக்கிறேன்.

மலர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள். “இங்க மட்டும் ஏன் இவ்ளோ நெருக்கமா இருக்கு?” என்று ஓர் இடத்தைக் காட்டினாள்.

“மழை இல்லாத வருஷங்களா இருக்கும்க்கா. அடுத்தடுத்து வந்திருக்கு. வேற காரணமும் இருக்கலாம், ஒரே மரத்தை வெச்சு அடிச்சுச் சொல்ல முடியாது.”

“அப்புறம்?”

“அப்புறம் மழை வந்திருக்கு. பாருங்க, அகலமாயிடுச்சு.”

“சாகாம நின்னிருக்கு பாரேன்” என்றாள் மலர், யாரிடம் என்றில்லாமல்.

சாயங்கால வண்டியில் கூட்டம் நெரிந்தது. துண்டை மடியில் வைத்துக்கொண்டேன். ஒயிட்ஃபீல்டு வரை ஜன்னலில் கண்ணாடிக் கட்டடங்களாகவே வந்தன. அங்கே எதை யார் கட்டினார் என்று யாரும் அடித்துக்கொள்வதாகத் தெரியவில்லை. எங்கள் ஊரில் வேறு சொத்து இல்லை, தாத்தாக்கள்தான் இருக்கிறார்கள். என் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டில் மழை பொய்த்து, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர். இது எங்கள் வீட்டுக் கதை. மலர் வீட்டுக் கதையும் இதேதான், ஆள் மட்டும் வேறு. அந்த ஒடுங்கிய வளையங்கள் இவர்கள் பட்ட பஞ்சத்தினுடையவையா, அதற்கும் முந்தியவையா, யாருக்கும் தெரியாது. ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் திரும்புகிறோமே என்று எரிச்சலாக இருந்தது. அந்த எரிச்சலிலும் ஏதோ பாரம் குறைந்ததுபோல் இருந்தது ஏன் என்றும் புரியவில்லை.

மாலூர் தாண்டியதும் சேகர் கூப்பிட்டான். ஸ்பீக்கர் போடாமலே அவன் குரல் எனக்குக் கேட்டது.

“என்னாக்கா ஆச்சு? கல்லுல யார் பேரு?”

மலர் என்னைப் பார்த்தாள். பிறகு அவளே சொன்னாள்.

“மழை இல்லாம ஊரை விட்டு வந்தவங்க கட்டினதுன்னு வெட்டச் சொல்லுடா.”

“ரெண்டு தாத்தாவும் அப்படித்தானேக்கா வந்தாங்க?”

“அதான்.”

“வருஷம்?”

“தெரியாது.”

“தெரியாதுன்னு கல்லுல எப்படிக்கா வெட்டறது?”

மலர் போனை என்னிடம் நீட்டிவிட்டாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

“மாமா” என்றான். பேச்சு நின்றபின் அவன் என்னை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். “நீங்களாச்சும் சொல்லுங்க மாமா.”

“எனக்கும் தெரியலடா” என்றேன். “அக்காவைக் கூட்டிக்கிட்டு நேரா உங்க வீட்டுக்கே வரேன்.”